40 வேலியை நட்டது யார்?

திருப்புன்கூர் கோயிலில் நந்தி நேராக இல்லை. வைத்தீஸ்வரன்கோயிலிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். மற்றச் சிவன் கோயில்களில் கருவறைக்கு நேர் எதிரே படுத்திருக்கும் நந்தி இங்கே சற்று விலகியிருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்ற நந்தனாருக்குச் சாமி தெரிய வேண்டும் என்று சிவனே அதை விலகச் சொன்னாராம். போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு: கோயில் குளம்.

பெரியபுராணத்தில் அந்தக் குளத்தை வெட்டியவர் நந்தனார். வழிபட்டுத் திரும்பும்போது ஒரு பள்ளம் கண்ணில் பட்டது, அதைத் தோண்டிக் குளமாக்கினார் என்கிறார் சேக்கிழார். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை, நீர் எங்கே தேங்கும் என்று தெரிந்த கண். அவ்வளவுதான். ஆனால் இன்று ஊரில் சொல்லப்படும் தலக்கதையில் குளம் வெட்ட வந்தவர் பிள்ளையார். அவருக்கு அங்கே ‘குளம் வெட்டிய விநாயகர்’ என்றே பெயர். தெய்வம் நமக்கு உதவியதாகச் சொல்லும் கதையில் நம் உழைப்பு எப்படிக் கைமாறிப் போகிறது என்பதைப் பார்க்க இந்த ஒரு குளம் போதும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்றால், கதையும் குறும்படத் திரைக்கதையும் எழுதும் நம் தம்பி தங்கைகள் பலர் நந்தனைத் தொட ஆசைப்படுகிறார்கள். தொட வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலும் எல்லோரும் நெருப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். சிதம்பரம், வேள்வித் தீ, புகை, தீட்சிதர்கள், கறுப்புத் திரை. நெருப்புக்கு முன்னால் ஒரு வயல் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் அந்த வயலை என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் நல்லது.

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்ற பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஊர் இல்லை, சாதி இல்லை, கதை இல்லை. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரே ஒரு பாட்டு ஒதுக்குகிறார். அதில் ஆதனூர் வருகிறது. புறத்தே நின்ற தொண்டர் என்பது வருகிறது. புலை நீங்கி முனிவர் ஆனார், தில்லை மூவாயிரவர் கைகூப்பினார்கள் என்பதும் வருகிறது. நெருப்பு மட்டும் வரவில்லை. மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு நமக்குக் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டில், சோழ அரசின் உயர் பதவியில் இருந்த சேக்கிழாரிடம்.

அதே சேக்கிழாரிடம்தான் சேரியும் கிடைக்கிறது. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. கொள்ளிடக் கரை, ஆதனூர், ஊருக்கு வெளியே புலைப்பாடி. பழைய கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, குஞ்சுகளோடு திரியும் கோழி, கையில் இரும்புக் காப்பு போட்ட பிள்ளைகள், மர நிழலில் தோலை விரித்துத் தூங்க வைத்த குழந்தை, மரக்கிளையில் தொங்கும் பறை, நெல் குத்தும் பெண்களின் பாட்டு. தமிழில் ஒரு சேரியை இத்தனை நெருக்கத்தில் பார்த்த பழைய எழுத்து வேறு அதிகம் இல்லை. பார்வை மேலிருந்து வருவதுதான், சந்தேகமில்லை. என்றாலும் பார்த்திருக்கிறார். அந்த நிலம் கற்பனையும் அல்ல. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர் நிலத்தில் வரி இல்லாத பகுதிகளைக் கழிக்கும்போது ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்பதை அரசே அளந்து, கல்லில் வெட்டி வைத்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து சேக்கிழார் அந்த வரைபடத்துக்குள்தான் நந்தனாரை நடக்கவிடுகிறார்.

சேக்கிழாரின் நந்தனாருக்கு எஜமானர் கிடையாது. ஊருக்குச் செய்யும் தொழிலுக்காக விடப்பட்ட பறைத்துடவை அவருடைய வாழ்வாதாரம். கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். உள்ளே ஒலிக்கும் இசையில் பாதி அவர் கையிலிருந்து போனது. அவருக்கு மட்டும் உள்ளே இடமில்லை. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் தள்ளிப் போடுவதற்குக் காரணம் விடுப்பு கிடைக்காதது அல்ல. என் பிறப்பு அதற்குப் பொருந்தாதே என்ற நினைப்பு. சாதி அவர் மனதுக்குள்ளேயே காவல் நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அந்தக் காவல் மனதிலிருந்து இறங்கி வயலுக்கு வருகிறது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதி, கதாகாலட்சேப மேடைக்காக நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடினார். 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அது அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தருவதற்கு ரொம்பவே இழுத்தடித்தார். இலக்கணப் பிழை ஒரு காரணம். மூலத்தில் இல்லாத கதையைச் சேர்த்தது இன்னொரு காரணம். பாரதி சேர்த்தது என்ன? ஒரு வேதியர். நிலம் உடையவர். நந்தன் அவருடைய பண்ணையாள். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். வேதியர் திட்டித் தீர்க்கிறார். பிறகு, 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார்.

இந்த 40 வேலியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மா ஒரு வேலி. ஏக்கர் கணக்கில் ஒரு வேலி என்பது 6 ஏக்கர் 66 சென்ட்டு. அப்படியானால் 40 வேலி சுமார் 266 ஏக்கர். கைநடவில் ஒரு ஏக்கர் நட ஒரு நாளைக்குப் பத்துப் பெண்களுக்குக் குறையாமல் வேண்டும் என்று டெல்டாவில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வார். நடவுக்கு மட்டும் 2,660 ஆள் நாள். அதற்கு முன்னால் உழவு, சேறடிப்பு, நாற்றுப் பறிப்பு. அதற்குப் பின்னால் களையெடுப்பு, காவல், அறுப்பு, கட்டு சுமப்பு, போரடி. திருவாதிரைக்குச் சம்பா இன்னும் வயலில்தான் நிற்கும். அறுப்பு தை, மாசியில். கோயிலின் நாட்காட்டியும் பண்ணையின் நாட்காட்டியும் மோதும் சரியான இடத்தில் பாரதி கதையை நிறுத்துகிறார். 1843இல் அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரத்தை வெள்ளையர் அரசு எடுத்துவிட்டது. ஆனாலும் கடனாலும் மனைக்கட்டாலும் பண்ணையோடு கட்டப்பட்டவர்கள் கட்டப்பட்டேதான் இருந்தார்கள். அந்த உலகத்தை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது.

அப்புறம் என்ன நடக்கிறது? நந்தன் அழுது மயங்கிக் கிடக்கிறான். சிவனின் பூதகணங்கள் வந்து ஒரே இரவில் வேலையை முடித்துவிடுகின்றன. காலையில் 40 வேலியும் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகிறார். மேடையில் இந்த இடம் வரும்போது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. குளத்தைப் பிள்ளையார் எடுத்துக்கொண்டார். வயலைப் பூதகணம் எடுத்துக்கொண்டது. நந்தன் ஜெயித்தது பக்தியால் என்று ஆனது. அதற்கு முந்திய ஆண்டுகளில் எல்லாம் அதே 40 வேலியை நட்டு அறுத்தவர்கள் யார் என்ற கேள்வி அந்த அழுகையில் கரைந்துபோனது.

பாரதியின் கீர்த்தனையில் நமக்கு வேண்டிய பாத்திரங்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நந்தனைக் கண்டிக்கும் சேரிப் பெரியவரும் மற்றப் பண்ணையாட்களும். நம் சாமி இருக்க உனக்கு எதுக்குச் சிதம்பரம் என்று கேட்பவர்கள் அவர்கள். கருப்பனும் வீரனும் பிடாரியும் அவர்கள் பேச்சில்தான் வருகிறார்கள். பாரதி அவர்களை அறியாமையின் உருவமாகப் படைத்தார், கேலிக்கும் வைத்தார். ஆனால் வரப்பிலும் மடைவாயிலிலும் ஆற்றங்கரையிலும் குடியிருக்கும் சாமிகள் அவர்கள் சாமிகள். வேலை செய்கிற இடத்திலேயே நிற்கிற சாமிகள். கும்பிட யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம். இந்தப் பெரியவரின் பக்கத்திலிருந்து கதையைச் சொன்னால் அது முற்றிலும் வேறு கதை. நீங்கள் யாராவது எழுதுங்கள்.

சினிமா வந்ததும் நந்தனைப் பிடித்துக்கொண்டது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியர். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். இரண்டு படங்களும் பின்பற்றியது சேக்கிழாரை அல்ல, கோபாலகிருஷ்ண பாரதியை. பாட்டுக் கச்சேரிக்கு ஏற்ற கதை அதுதானே. வெளியிட்ட காலத்தையும் பாருங்கள். 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம். கோயிலுக்குள் யார் போகலாம் என்பதே நாட்டின் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு நந்தன் பொருத்தமான நாயகன்: கோயிலைக் கேட்கிறான், நிலத்தைக் கேட்கவில்லை. 1927இல் சிதம்பரம் வந்த காந்தியும் நந்தனைச் சத்தியாகிரகத்தின் முன்மாதிரியாகவே பேசினார். அதே 1940களில் தஞ்சை வயல்களில் பி. சீனிவாச ராவும் தோழர்களும் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். பண்ணையாள் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வர 1952 ஆயிற்று. நந்தன் பாட்டு பாடாத வீடில்லை என்றிருந்த ஊர்களில் இதுதான் நிலைமை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 40 வேலியை நட்ட பெண்களில் ஒருத்திகூட இந்தக் கதையில் பெயரோடு இல்லை. முதலில் சொன்ன படத்தில் நந்தனாகவே நின்றது ஒரு பெண். அந்த முரண்பாட்டில் ஒரு சிறுகதை ஒளிந்திருக்கிறது.

இந்த வழியில் போகாமல் முறித்துக்கொண்டவர்கள் உண்டு. முதலில் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் அவர் எழுதிய வரலாற்றில் நந்தன் ஒரு பௌத்த அரசன். சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். அவனுடைய ஊரும் நிலமும் பறிபோன பிறகுதான் அவனைப் பண்ணையாளாகவும் பக்தனாகவும் கதை கட்டினார்கள் என்பது பண்டிதரின் வாதம். அவர் காட்டும் சான்றுகளை இன்றைய ஆய்வு முறைப்படி ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அவர் கேள்வியைத் திருப்பிய விதம். கோயிலுக்குள் விடுவாயா என்று எல்லோரும் கேட்டபோது, அந்த நிலம் யாருடையது என்று அவர் கேட்டார்.

புதுமைப்பித்தன் 1934இல் ‘புதிய நந்தன்’ எழுதினார். அதே ஆதனூர். ஆனால் ஊருக்கு இப்போது ரயில் பாதை இருக்கிறது. அக்ரஹாரத்துக் காந்தியவாதி ஒருவர், மதம் மாறி, பிறகு சுயமரியாதைக்காரராக ஆன சேரி இளைஞர் ஒருவர், அந்த இளைஞரின் தகப்பனான கிழட்டுப் பண்ணையாள் கருப்பன். காந்தி வரும் ரயிலில் மூவரும் அடிபட்டுச் சாகிறார்கள். வேள்வித் தீ இருந்த இடத்தில் எஞ்சின். கதை கசப்பானது, முடிவு கொஞ்சம் அவசரமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தொன்மத்தை எடுத்தாள்வது எப்படி என்பதற்கு இதைப் படியுங்கள். பழைய கதையில் எந்த ஒரு பொருளை மாற்றினால் காலம் முழுதும் மாறிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் குற்றம். குற்றம் சாட்டப்பட்ட நிலப்பிரபுக்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்தத் தீர்ப்பால் நம்ப முடியவில்லை. வெண்மணிக்குப் பிறகு நந்தனின் நெருப்பைப் பழைய மாதிரி வாசிக்க முடியாது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் 1970களின் பிற்பகுதியில் வந்தது. அதில் நெருப்பு அருள் இல்லை, சதி. அதே எழுத்தாளர் வெண்மணியை வைத்து எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஸ்ரீதர் ராஜன் அதைக் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாக்கினார். நாவலில் நிலப்பிரபுவின் கொடுமைக்கு அவனுடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியது அப்போதே விவாதமானது. நாங்கள் அந்த விமர்சனத்தின் பக்கம். அரைப் படி நெல்லுக்காக நடந்த போரை ஒரு தனிமனிதனின் உடல்குறைக்குள் அடைத்தால், திரும்பவும் வயல் காணாமல் போகிறது. பூதகணத்துக்குப் பதில் உளவியல்.

2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் இந்த வரிசையில் எங்களுக்கு மிக முக்கியமானது. அது தொன்மத்தைத் தொடவே இல்லை. இருந்தவர்களிடம் போய், நடந்ததைக் கேட்டது. குறும்படம் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

2024இல் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தபோது நம் ஆட்களே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். படத்தின் பிற்பகுதியில் மாயமும் கனவும் நெரிசலாகிவிட்டன என்பது எங்கள் கருத்தும்தான். ஆனால் தொடக்கத்தைக் கவனியுங்கள். வட ஆர்க்காட்டில் சொந்த நிலத்தில் பயிர் செய்யும் குடும்பம். விளைந்த பயிர் எரிகிறது, நிலம் மிராசுதாரிடம் போகிறது, மனிதர்கள் கோலாரில் தங்கம் தோண்டப் போகிறார்கள். தொன்மத்துக்கு முன்னால் வயலை வைத்த படம் அது. கோலாரை அவர் தேர்ந்தெடுத்ததிலும் வரலாறு உண்டு. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு அங்கே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் ‘தமிழன்’ படித்தவர்கள் இருந்தார்கள். படத்தில் புத்தர் தலை வருவது அலங்காரத்துக்காக இல்லை.

சரி, எடுக்கப் போகிறவர்களுக்கு எங்களுக்குத் தெரிந்த சில வேலைகள். முதலில் உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போங்கள். அ-பதிவேடும் புல வரைபடமும் பாருங்கள். ஊரின் மேடு எது, பள்ளம் எது, சேரி எந்தப் பக்கம், வாய்க்கால் யார் வயலில் முடிகிறது என்பது தெரியும். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்க ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்தால் அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல நேரங்களில் திரைக்கதை அங்கேயே இருக்கும். அடுத்து பாட்டிகளிடம் போங்கள். நடவுப் பாட்டை மட்டும் கேட்டுப் பதிவு செய்துவிட்டு வராதீர்கள். எந்தப் பாட்டு எந்த வேலைக்கு, யார் வயலில் பாடினால் ஏச்சு விழும், எந்த வயலில் பாடவே மாட்டார்கள் என்றும் கேளுங்கள். செல்போன் கேமரா போதும். காற்றுச் சத்தத்துக்கு மட்டும் ஒரு மைக் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்துக்கும் போகலாம். நெருப்பு மூட்டிய இடம் என்று மக்கள் சொல்லும் ஓமக்குளத்தைப் பாருங்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கியது இந்த ஊரில்தான். எரிந்ததாகச் சொல்லப்படும் ஒருவரின் பெயரில் பள்ளிக்கூடம், விடுதி, வேட்டி கட்டிய பிள்ளைகள், சாப்பாட்டு மணி. அவருடைய பக்தியோடு நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம், அவர் கட்டிய கட்டடம் இருக்கிறது. அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்ற நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கியதையும் அங்கே நின்று நினைத்துக்கொள்ளலாம். கோயிலின் தெற்குப் பக்கத்தில், நந்தனார் நுழைந்த வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது, அதைத் திற என்ற கோரிக்கையைத் தீண்டாமை ஒழிப்பு இயக்கங்கள் எழுப்பின. தீட்சிதர்கள் அப்படி ஒரு வாசலே இல்லை என்றார்கள். ஒரு தொன்மத்தின் வாசலுக்காக இன்றைக்கும் ஊர் இரண்டு படுகிறது என்றால் கேமராவுக்கு அங்கே வேலை இருக்கிறது.

நாங்கள் பார்க்க ஆசைப்படும் படம் இன்னும் எளிமையானது. நந்தன் சிதம்பரத்தில் மறைந்த செய்தி ஆதனூருக்கு வந்துவிட்டது. வேதியர் வீட்டில் அழுகை ஓய்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் வருகிறது. விடிவதற்கு முன்னால் சேரியிலிருந்து பெண்கள் நாற்றங்காலுக்குப் போகிறார்கள். பூதகணம் எதுவும் வரவில்லை. 40 வேலியும் கிடக்கிறது. நேற்று வரை மெத்தப் பேசாத அந்தப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து, இந்த வருஷம் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குங்கள் என்கிறார்.